கொரோனாவுக்குப் பிறகு ஆராய்ச்சியில் மனம் செல்லாத கல்லூரி ஆசிரியருக்கு

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறீர்கள். 2019 வரை உங்களை முதலில் ஆய்வாளராகவும் பிறகே ஆசிரியராகவும் நினைத்துவந்தீர்கள். கொரோனா ஆண்டுகள் கடந்த பிறகு கட்டுரை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வகுப்பும் மாணவர்களும் மட்டுமே பொருட்டாகப் படுகிறார்கள். இது சோர்வா, இல்லை ஆளே மாறிவிட்டதா, பாதியில் நிற்கும் பகுதிநேர பிஎச்.டி.யை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்றானாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: இந்த வேலையை இதுவரை யார் மெச்ச வேண்டும் என்று செய்தேன், இனி யாருக்குக் கணக்குக் காட்டப்போகிறேன்?

நான் தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொருளியல் கற்பிக்கிறேன். இந்த இரண்டு மாவட்டக் கல்லூரிகளில் பார்த்ததை உறுதியாகச் சொல்ல முடியும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ ஆய்வகம் வைத்து நடத்துகிறவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம். அவர்களுக்காக நான் பேச முடியாது. மனநலம் என் துறை அல்ல, அதைத் தொடும் இடத்தில் அந்தத் துறையினர் சொன்னதைத்தான் எடுத்துச் சொல்வேன்.

1957-இல் ஆல்வின் கோல்ட்னர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு சிறிய கல்லூரியின் ஆசிரியர்களை ஆராய்ந்து அவர்களை இரு வகையாகப் பிரித்தார். ஒரு வகையினர் தம் துறையோடு கட்டுண்டவர்கள். எங்கோ இருக்கும் துறை அறிஞர்கள் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவர்களுக்கு அளவுகோல். இந்தக் கல்லூரி இல்லாவிட்டால் இன்னொரு கல்லூரி. மற்ற வகையினர் வேலைசெய்யும் நிறுவனத்தோடு கட்டுண்டவர்கள். அங்கே இருப்பவர்களின் மதிப்புத்தான் அவர்களுக்கு முக்கியம். நம் ஸ்டாஃப் ரூமிலும் இந்த இரண்டு பேரையும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் எப்போதும் அடுத்த கருத்தரங்குக்குக் கட்டுரை தயாரித்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் கல்லூரியின் எல்லாக் கமிட்டியிலும் இருப்பார். ஆனால் இந்த இரண்டு அளவுகோலிலும் மாணவர் இல்லை. கொரோனா நம்மில் சிலரிடம் செய்த மாற்றம் அந்த இடத்தில்தான் நடந்தது என்று நினைக்கிறேன். மூன்றாவதாக ஒருவருடைய பார்வை நம் வேலையின் மீது விழ ஆரம்பித்தது, அதை இனி விலக்க முடியவில்லை.

அதற்கு முன் நம் தொழிலில் மதிப்பு எப்படி அளக்கப்பட்டது என்பதை நீங்களும் அறிவீர்கள். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த ஒழுங்குமுறை பதவி உயர்வைப் புள்ளிக் கணக்காக்கியது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை. 2018-இல் அது திருத்தப்பட்டது, 2019-இல் தரமான இதழ்களைப் பட்டியலிட யு.ஜி.சி. கேர் வந்தது. ஆனாலும் எண்ணும் பழக்கம் போகவில்லை. ஊரடங்கின் முதல் சில மாதங்களை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று வெபினார்கள்; முடிந்ததும் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி; மின்னஞ்சலில் சான்றிதழ். வீட்டில் அடைபட்டிருந்த ஆசிரியர்கள் அவற்றைச் சேர்த்தது வெறும் பேராசையால் என்று நான் சொல்லமாட்டேன். வகுப்பு இல்லாத நாளில் 'நான் இன்னும் ஆசிரியர்தான்' என்று காட்ட கையில் வேறு அத்தாட்சி இல்லை. அந்த அளவுக்கு நம் அடையாளம் தாளில் இருந்தது.

மறுபக்கம் வகுப்பில் என்ன நடந்தது? 2020 மார்ச் நடுவில் கல்லூரிகள் மூடின, 25-ஆம் தேதி நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. மே தொடக்கம் வரை தமிழ்நாட்டிலேயே தொற்று பதிவாகாமல் இருந்த மாவட்டம் கிருஷ்ணகிரி. ஆனால் நோய் வருவதற்கு முன்பே வேலையிழப்பு வந்துவிட்டது. பெங்களூரில் கட்டட வேலை பார்த்த தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் அத்திப்பள்ளி வழியாக நடந்தும் கிடைத்த வண்டியைப் பிடித்தும் ஊர் வந்து சேர்ந்தார்கள். பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெங்களூர் வேறு மாநிலம் என்றே தோன்றாது. அப்பா அங்கே, அண்ணன் அங்கே, அனுப்புகிற பணம்தான் இங்கே அரிசி. அந்த வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள்தான் நம் வகுப்பில் பாதி. விடுதி மூடியதும் சித்தேரிப் பிள்ளைகள் மலைக்குத் திரும்பினார்கள், அஞ்செட்டிப் பிள்ளைகள் காட்டோரக் கிராமங்களுக்குப் போனார்கள். கூகுள் மீட்டில் வகுப்பைத் திறந்து உட்கார்ந்தால் அறுபது பேர் இருக்க வேண்டிய வகுப்பில் பத்துப் பதினைந்து பெயர்கள் மின்னும். அதிலும் பாதி, உள்ளே வந்ததும் டவர் போய் மறையும்.

வருகைப்பதிவேடு நம் தொழிலில் எவ்வளவு பெரிய கருவி என்பதை நான் அப்போதுதான் யோசித்தேன். 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம், அதற்குக் கீழே இறங்கினால் வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் காண்டொனேஷன் கட்டணம், இன்னும் இறங்கினால் அந்த ஆண்டே போயிற்று. வராத மாணவர் அதில் ஒரு சுழி, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று எழுத அதில் கட்டம் கிடையாது. 2020-இல் அந்தப் பதிவேடு செல்லாமல் போனது, வராதவர்கள் வந்தவர்களைவிட அதிகமானார்கள். அவர்களைத் தேடிப் போன் செய்ய ஆரம்பித்தபோது நமக்குத் தெரியாத ஒரு கல்லூரி தெரிந்தது. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அது தம்பியின் பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கும். ஒருத்தி பாலக்கோடு பக்கம் தக்காளி பறித்துக்கொண்டே காதில் ஹெட்செட் மாட்டிப் பாடம் கேட்டாள். ஒரு பையன் மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலைக்குப் போயிருந்தான். 'மேடம், நைட் ஷிஃப்ட்டுங்க, ரெக்கார்டிங் போட்டுடுங்க, காலையில கேட்டுக்கறேன்' என்றான். இன்னொருத்தியின் எண் சில வாரம் அணைந்தே இருந்தது. பிறகு தோழிதான் சொன்னாள், கல்யாணம் முடிந்துவிட்டது என்று. இளவயதுத் திருமணம் நம் மாவட்டங்களில் கொரோனாவுக்கு முன்பும் இருந்த நோய். கல்லூரிக்குத் தினமும் வருவது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய காவலாக இருந்தது என்பது வாசல் மூடிய பிறகே எங்களில் பலருக்கு உறைத்தது.

இலவச மடிக்கணினி 2011 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்ததை இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். பல வீடுகளில் அது ஒன்றுதான் கணினி. அதை இணையத்தில் இணைக்க டேட்டா வேண்டுமே. 2021 ஜனவரியில் தமிழக அரசு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா தரும் அட்டைகளை நான்கு மாதங்களுக்கு அறிவித்தது. வகுப்புகள் ஆன்லைனுக்குப் போய் அரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. டவரே எடுக்காத மலைக் கிராமத்துக்கு அந்த அட்டையாலும் பயனில்லை.

பாடத்தின் பக்கமும் ஒன்று நடந்தது, என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வளர்ச்சிப் பொருளியலில் ஆர்தர் லூயிஸின் மாதிரியைக் கற்காமல் யாரும் பட்டம் முடிப்பதில்லை. 1954-இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இது: உழவில் உபரியாக இருக்கும் உழைப்பாளர்கள் நகரத்துத் தொழிலுக்கு நகர்வார்கள், அந்த உபரி தீரும்வரை கூலி பெரிதாக உயராது, தொழில் லாபம் மறுமுதலீடாகி நாடு வளரும். கரும்பலகையில் வளைகோடு போட்டு, அம்புக்குறியை உழவிலிருந்து தொழிலுக்கு இழுப்போம். ஆண்டுதோறும் அதே திசை. அந்த ஆண்டு அந்தப் பாடத்தை நான் ஆன்லைனில் நடத்தியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்த அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் நகர்ந்துவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள். பின்னால் வந்த தேசியத் தொழிலாளர் கணக்கெடுப்பும் அதையே காட்டியது: நாட்டின் மொத்த வேலைவாய்ப்பில் உழவின் பங்கு 2018-19-இல் 42.5 சதவீதம், 2019-20-இல் 45.6 சதவீதம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2019-20-இல் 265 கோடி மனித நாட்கள் பதிவாகியிருந்தன. 2020-21-இல் அது 389 கோடி ஆனது. அந்த 389 கோடிக்குள் என் மாணவர்களின் தாய்மார்கள் ஏரி தூர்வாரிய நாட்களும், பதினெட்டு வயது நிறைந்த சில மாணவர்கள் மண் சுமந்த நாட்களும் இருக்கின்றன. லூயிஸ் தவறு என்று நான் சொல்ல வரவில்லை, அவர் நீண்ட காலப் போக்கைப் பேசினார். ஆனால் அந்த மாதிரியை இன்று நான் வேறு விதமாகக் கற்பிக்கிறேன். 'உங்கள் வீட்டில் யார், எந்த ஆண்டு, எந்தத் திசையில் போனார்கள்?' என்று கேட்டுத்தான் வளைகோட்டையே வரைகிறேன். மாணவர்கள் சொல்லும் பதிலில் பாடநூலில் இல்லாத பொருளியல் இருக்கிறது: கிரானைட் பாலிஷ் வேலையின் கூலி, திருப்பூர் பனியன் கம்பெனியில் முன்பணம், ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தக்காரர் பிடித்துக்கொள்ளும் பணம். நான் அறிவு கொடுக்கிறவள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்ற கணக்கு அங்கே கலைந்தது. ஓர் ஆசிரியரின் அடையாளம் மாறுவது என்று ஏதாவது இருந்தால் என் விஷயத்தில் அது இதுதான்.

சக ஆசிரியர்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 'ஆசிரியர் சமூகம்' என்று பேசுகிறோம், அந்த ஆண்டில் அது ஒரே சமூகமாக இல்லை. என்னைப் போல் அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. அதே துறையில் அதே தாளைக் கற்பிக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு ஆண்டில் பதினொரு மாதம்தான் ஊதியம், அதுவும் நிரந்தர ஆசிரியரின் ஊதியத்தில் சிறு பங்கு. தனியார் கல்லூரிகளில் பாதிச் சம்பளம், சில இடங்களில் அதுவும் இல்லை. நெட் தகுதித் தேர்வு தேறியவர்களும் முனைவர் பட்டம் பெற்றவர்களும் காய்கறி வண்டி ஓட்டினார்கள், உறவினர் கடையில் கணக்கு எழுதினார்கள், தோட்டத்தில் பூப் பறித்தார்கள். உழைப்பில் இழிவு இல்லை. ஆனால் 'நான் உதவிப் பேராசிரியர்' என்ற சொல் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் தாங்காது என்று ஒருவருக்குத் தெரியவரும்போது அவருக்குள் உடைவது சாதாரணமானது அல்ல. உங்கள் கேள்வியில் அந்த ஆண்டுகளின் சம்பளம் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒருவேளை உங்களுக்கு முழுதாக வந்திருக்கலாம். வராமல் இருந்திருந்தால், கட்டுரை எழுத மனம் வராததன் காரணத்தை அங்கேயும் தேடுங்கள். நம்மை மதிக்காத தொழிலுக்காக மாலை நேரத்தைக் கொடுக்க மனம் மறுப்பது இயல்பு.

பெண் ஆசிரியர்களின் நிலை தனி. 2020-இன் முதல் அலையில் உலகெங்கும் ஆய்விதழ்களுக்கு வந்த கட்டுரைகள் பெருகின. அந்தப் பெருக்கத்தில் பெண்களின் பங்கு ஆண்களைவிடக் குறைவு என்பதைப் பல துறைகளில் பலர் அளந்து காட்டியிருக்கிறார்கள். இது உறுதியான முடிவுகளில் ஒன்று. காரணத்தை விளக்க ஆய்வே தேவையில்லை. சமையலறையில் குக்கர், கூடத்தில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, படுக்கையறையில் மாமியாருக்கு ஆவி பிடிக்க வெந்நீர், நடுவில் நம் வகுப்பு. வீட்டில் தனக்கென்று கதவுள்ள அறை இருந்தவர்கள் நிறைய எழுதினார்கள்.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது தனியாக எழுத வேண்டிய விஷயம். 2020 ஆகஸ்டில் கட்டணம் கட்டிய அரியர் மாணவர் அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. மறுத்தது, வழக்கு நடந்து, தேர்வில்லாமல் தேர்ச்சி கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொன்னது. நடுவில் தவித்தது மாணவர்கள். அடுத்து வீட்டிலிருந்தே புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு வந்தது. விடைத்தாள் கட்டில் ஒரே பத்தி நாற்பது கையெழுத்துகளில் வரும். அப்போதுதான் நாம் கேட்கும் கேள்விகளின் தரம் வெளிப்பட்டது: புத்தகம் கையில் இருந்தால் போதும் என்கிற கேள்வி எதை அளக்கிறது? 2022-இல் நம் கல்லூரிகளில் சேர்ந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களின் பத்தாம் வகுப்புத் தேர்வு 2020-இல் ரத்து, பதினொன்றாம் வகுப்பில் அனைவரும் தேர்ச்சி. அவர்கள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வே பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுதான். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதவே அவர்களில் சிலருக்குக் கை நடுங்கியது. அவர்களை 'கொரோனா பேட்ச்' என்று சொல்லிச் சிரிக்கும் வழக்கம் சில ஸ்டாஃப் ரூம்களில் இன்னும் இருக்கிறது; அது எனக்குத் தாங்க முடியாத வேதனை தரும் பேச்சு.

பிறகு 2021 மே. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 35,000 பேருக்கு மேல் தொற்று பதிவான நாட்கள். வகுப்புக்கென்று தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் பாடக் குறிப்பைவிட ஆக்சிஜன் படுக்கை எங்கே கிடைக்கும் என்ற கேள்வி அதிகம் வந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வாசலிலிருந்து மாணவர்கள் எங்களுக்குப் போன் செய்தார்கள். நமக்கு அங்கே யாரையும் தெரியாது, தெரிந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் கூப்பிட்டார்கள். ஓர் ஆசிரியர் என்றால் அந்த நேரத்தில் கூப்பிடக் கூடியவர் என்று அவர்கள் முடிவுசெய்திருந்தார்கள். நான் முன்பு சொன்ன மூன்றாவது பார்வை இதுதான்.

இனி ஐயத்துக்கு உரியவற்றுக்கு வருகிறேன். உங்களிடம் வந்த மாற்றத்தைக் கொரோனாதான் செய்தது என்று எவ்வளவு நிச்சயமாகச் சொல்லலாம்? நான் தயங்குவேன். அதே ஆண்டுகளில் வேறு பலவும் நடந்தன. 2020 ஜூலையில் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. 2022 நவம்பருக்குப் பிறகு கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்தன. எழுதுவதன் மதிப்பே அதனால் குலைந்ததாக உணர்கிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் அந்த ஆண்டுகளில் வயதில் கூடியிருக்கிறீர்கள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் இருக்கும் ஆய்வு வேகம் பெருந்தொற்று இல்லாமலும் பலருக்குத் தணிவதுண்டு. இவற்றில் எது எவ்வளவு என்று பிரித்தளக்க வழி எனக்குப் புலப்படவில்லை. கூடவே ஒன்று: இப்படி மாறியவர்கள்தான் அதைப் பற்றி எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். மாறாமல் 2022-இலேயே பழைய ஓட்டத்துக்குத் திரும்பியவர்கள் மிகப் பலர், அவர்கள் எதுவும் எழுதுவதில்லை. ஊரடங்கின் அமைதியில்தான் ஆராய்ச்சி ருசி கண்டதாகச் சொல்லும் நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்கள் சொல்வதும் உண்மைதான். ஆகவே கொரோனா எல்லா ஆசிரியரையும் மாணவர் பக்கம் திருப்பியது என்ற பொதுவிதியை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மாணவர்களின் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டவர்களுக்கு மறப்பது கடினமாயிற்று என்று மட்டும் சொல்லலாம்.

சோர்வா என்ற கேள்விக்கு வருகிறேன். பணிச்சோர்வை ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-இலேயே அதற்கு மூன்று முகங்கள் உண்டு என்றார்கள். உள்ளம் வற்றிப்போதல், யாருக்காக வேலை செய்கிறோமோ அந்த மனிதர்களையே வெறும் பொருளாகப் பார்க்கத் தொடங்குதல், நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுதல். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையிடம் உண்டாக்கும் நிலை என்றே வகைப்படுத்தியது. உங்கள் வரிகளை இதோடு வைத்துப் பார்க்கிறேன். மாணவர்கள் உங்களுக்கு இன்னும் மனிதர்களாகத் தெரிகிறார்கள், வகுப்பு பொருளுள்ளதாக இருக்கிறது. அதனால் இரண்டாம், மூன்றாம் முகங்கள் உங்களிடம் தென்படவில்லை. முதலாவது இருக்கிறதா என்பதை என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. தூக்கம் கெட்டிருந்தால், வகுப்பு இல்லாத நாளிலும் உடம்பு எழ மறுத்தால், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் போனால் தயவுசெய்து ஒரு மருத்துவரைப் பாருங்கள், இரு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. இந்த அறிகுறிகள் இல்லையென்றால் உங்களிடம் நடந்திருப்பது மாற்றம், அதற்கு மருந்து தேட வேண்டாம்.

ஆனால் அந்த மாற்றத்தை உங்கள் நிர்வாகம் பயன்படுத்திக்கொள்ள விடாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். தனியார் கல்லூரிகளில் மாணவர் மீதான அன்பையும் நிறுவன விசுவாசத்தையும் ஒன்றாகக் கட்டிவிடுவார்கள். கோடை வந்தால் அட்மிஷன் கேன்வாசிங்குக்குக் கிராமம் கிராமமாக அனுப்புவார்கள், ராத்திரி பத்து மணிக்குக் குழுவில் சுற்றறிக்கை வரும், மறுத்தால் 'உங்களுக்கு மாணவர் நலனில் அக்கறை இல்லையா' என்பார்கள். மருத்துவமனை வாசலிலிருந்து கூப்பிட்ட மாணவனின் போனை எடுப்பது கடமை. கல்லூரியின் ரீல்ஸை ஸ்டேட்டஸில் வைப்பது கடமை அல்ல. ஊரடங்கில் எந்த நேரமும் போனில் கிடைக்கிறவர்களாக இருந்தோம், அது நெருக்கடிக் காலத்துக்கு உரியது. அதை நிரந்தரமாக்கினால் கொஞ்ச நாளில் மாஸ்லாக் சொன்ன இரண்டாம் முகம் வந்தே தீரும், அப்போது இழப்பது மாணவர்கள்தான்.

பிஎச்.டி.யை என்ன செய்வது? விட்டுவிடாதீர்கள் என்பது என் கருத்து. மாணவர் பக்கம் மனம் திரும்பியவர் ஆராய்ச்சியை விட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. யாருக்காக ஆராய்கிறோம் என்பது மாறினால் போதும். நீங்கள் வணிகவியல் என்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் பெங்களூரா ரக மாம்பழத்தைக் கூழ் தொழிற்சாலைக்குக் கொடுக்கும் சிறு விவசாயிக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது, ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் கமிஷன் எப்படிக் கணக்கிடப்படுகிறது, மகளிர் குழுக் கடனும் தனியார் நுண்கடன் நிறுவனக் கடனும் ஒரே வீட்டில் எப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்பதெல்லாம் உங்கள் மாணவர்களின் வீட்டுத் திண்ணையில் இருக்கும் வணிகவியல். அவர்களில் விருப்பமுள்ளவர்கள் உங்களோடு களத்துக்கு வருவார்கள், ஆய்வுக் கேள்விகளைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்டுத்தருவார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: வகுப்பில் நம்பிச் சொன்ன குடும்பக் கதையைத் தரவாக்காதீர்கள். இன்டர்னல் மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்வரை மாணவர் சொல்லும் 'சரிங்க மேடம்', 'சரிங்க சார்' முழுச் சம்மதம் ஆகாது. உங்கள் வகுப்பில் இல்லாதவர்களின் வீடுகளிலிருந்து தரவு எடுங்கள்.

விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-இல் வந்த யு.ஜி.சி. ஒழுங்குமுறைப்படி பிஎச்.டி.க்கு அதிகபட்சம் ஆறு ஆண்டு, மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை; பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் இரண்டு ஆண்டு. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்று முன்பிருந்த கட்டாயத்தை அந்த ஒழுங்குமுறை எடுத்துவிட்டது. ஆனால் அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய விதிகளே பொருந்தும், பல்கலைக்கழகமும் தன் அளவில் கட்டுரை கேட்கலாம். எனவே உங்கள் பதிவு ஆணையில் இருக்கும் தேதியை முதலில் பாருங்கள். தலைப்பை மாற்ற நினைத்தால் அதற்கு ஆய்வுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். தலைப்பை முழுக்க மாற்றாமல் களத்தை மட்டும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குச் சுருக்க முடியுமா என்று கைடிடம் முதலில் கேளுங்கள், அது பெரும்பாலும் எளிதில் நடக்கும். இப்போது இருக்கும் தலைப்பையும் பதிவு செய்த ஆண்டையும் எழுதினால், எந்த அத்தியாயத்தை வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி என்னால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும்.